காலில் இறங்கிய இடுப்பு வலி

இடுப்பு வலி இல்லாத பெண் யார் இருக்கிறார்கள்? பிள்ளை பெற்ற உடம்பு, குடம் தூக்கிய உடம்பு, வலிக்காமல் என்ன செய்யும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஆனால் இடுப்போடு நிற்கிற வலி வேறு, காலுக்கு இறங்குகிற வலி வேறு. இதை எனக்குப் புரியவைத்தது என் இடது கால்தான்.

பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பக்கமாக இறங்கி, புறங்கால் வரைக்கும் சுரீரென்று இழுக்கும். தும்மினால் உயிரே போகும். குனிந்து கோலம் போட முடியவில்லை. நின்று நாலு தோசை வார்க்க முடியவில்லை. "தைலம் தேய்ச்சு வெந்நீர் ஊத்திக்கோம்மா" என்றார் மாமியார். இதமாக இருந்தது, வலி போகவில்லை.

டாக்டர் எடுத்த எடுப்பில் ஆபரேஷன் என்பாரோ என்று பயந்துகொண்டே போனேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி டிஸ்க் இருக்கிறதாம். அதன் ஓரம் கிழிந்து உள்ளே இருப்பது பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது என்று விளக்கினார். இதற்கு சயாட்டிகா என்று பெயர். "பெரும்பாலானவங்களுக்கு 6 முதல் 12 வாரத்துல தானாவே குறைஞ்சிடும். படுத்தே கிடக்காதீங்க, முடிஞ்ச மட்டும் நடங்க" என்றார். மாத்திரையும் பிசியோதெரபியும் ஆரம்பமாயின.

எட்டாவது வாரம். கடைக்குப் போகும்போது இடது கால் செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடந்திருக்கிறேன். பூக்காரம்மா கூப்பிட்டுச் சொன்னார். வீட்டுக்கு வந்து பார்த்தால் கால் கட்டை விரலைத் தூக்கவே முடியவில்லை! மறுநாளே டாக்டரிடம் போனோம். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் நரம்பு நசுங்கியிருப்பது தெரிந்தது. "வலியைப் பொறுத்துக்கலாம்மா. பலம் குறையறதைப் பொறுத்துக்கக் கூடாது" என்றார்.

"முதுகுல கத்தி வச்சா படுத்த படுக்கைதான்" என்று பயமுறுத்தாத உறவினர் இல்லை. மூன்று வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு எனக்கும் வயிற்றைக் கலக்கியது. டாக்டரிடமே கேட்டேன். 2, 3 சென்டிமீட்டர் அளவுதான் வெட்டு. தசையை அறுக்காமல் ஒரு குழாயால் விலக்கி, மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்து, பிதுங்கிய துண்டை மட்டும் எடுப்பார்களாம். அமெரிக்காவில் 1997ல் அறிமுகமான முறை இது.

அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. "கால் வலிதான் நல்லா குறையும். இடுப்பு வலி முழுசா போகும்னு சொல்ல முடியாது. சிலருக்கு டிஸ்க் மறுபடியும் பிதுங்கலாம்" என்றார். நெதர்லாந்தில் நடந்து 2007ல் வெளியான ஓர் ஆய்வையும் சொன்னார். சீக்கிரம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு வலி சீக்கிரம் குறைந்தது. ஆனால் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், பொறுத்திருந்தவர்களும் அவர்களும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் வலி மட்டும் என்றால் யோசிக்க அவகாசம் உண்டு. என் போல் பலம் குறைந்தால் தள்ளிப் போடக் கூடாது.

ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்ததும் காலில் அந்த இழுப்பு இல்லை. அன்று சாயங்காலமே நடக்க வைத்தார்கள். கட்டை விரல் பலம் மட்டும் மெள்ள மெள்ள, மாதக்கணக்கில்தான் திரும்பியது. 6 வாரம் குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று உத்தரவு. தண்ணீர் பிடிப்பது இவர் பொறுப்பாயிற்று. குழந்தையை நான் தூக்கவில்லை. நான் உட்கார்ந்துகொள்வேன், அவளே மடியில் ஏறிக்கொள்வாள்.

சகோதரிகளே, கூச்சப்படாமல் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். இடுப்பு வலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, மலஜலம் கட்டுப்பாடில்லாமல் போனாலோ, தொடை இடுக்கில் மரத்துப் போனாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடு ராத்திரியானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.