கொழுந்துக்குச் சிவப்பு, இலைக்கு வெயில்

மாமரம் துளிர்விட்டால் போதும், எங்கள் பாலாவியில் யாராவது மருந்தடிக்கிற டாங்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். கொழுந்தெல்லாம் செம்பு நிறத்தில் துவண்டு தொங்குகிறதாம், நோயாம். நோயுமில்லை, நொடியுமில்லை. ஒரு கொழுந்தைக் கிள்ளி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நரம்புகூட இன்னும் தடிக்கவில்லை, பச்சையம் ஊறவில்லை. உப்பளத்தில் பட்டுத் தெறிக்கிற நம்மூர் வெயிலை அது எப்படித் தாங்கும்? அதற்காகத்தான் அந்தச் சிவப்புப் போர்வை. அந்தோசயனின் என்று பெயர். ஃபிளேவனாய்டு வகையைச் சேர்ந்தது.

உப்பளக் கரையில் சிவந்து கிடக்கும் உமரியை இதோடு சேர்த்துவிட வேண்டாம். அது பீட்ரூட்டின் சிவப்பு, பீட்டலேயின் என்கிற வேறு சாயம். இந்த இரண்டு சிவப்பும் இயற்கையில் ஒரே செடியில் சேர்ந்திருந்ததை யாரும் கண்டதில்லை. கொழுந்தின் சிவப்பு சேர்ந்த ஃபிளேவனாய்டு வகையிலேயே ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்ட தமிழர் ஒருவர் உண்டு. 1900இல் குளித்தலையில் பிறந்த டி. ஆர். சேஷாத்ரி, ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் பிறகு டெல்லியிலும் இருந்தவர். பருத்திப் பூவின் மஞ்சளில் உள்ள ஃபிளேவனாய்டுகளைப் பிரித்து ஆராய்ந்தார்.

கொழுந்து மெல்ல நிமிர்ந்து, தடித்து, பச்சையாகிவிடும். சிவப்பு போய்விடும், காப்பு போகாது. குவெர்செட்டின் போன்ற, கண்ணுக்குத் தெரியாத ஃபிளேவனாய்டுகள் இலையின் மேல்தோலில் இருந்து புற ஊதாக் கதிரை மறிக்கும். அரபிடாப்சிஸ் என்ற கடுகினத்துச் சிறுசெடியில், இவற்றைச் செய்யத் தெரியாத வகையொன்றை எடுத்து அமெரிக்காவில் சோதித்தார்கள். புற ஊதா ஒளியில் அது மற்றச் செடிகளைவிட மோசமாக அடிபட்டது என்று 1993இல் எழுதினார்கள். எனக்கு இதைவிடப் பெரிதாகப் பட்டது வேறு. அந்தக் காப்பைச் செய்யச் சொல்வதே வெயில்தான். கதிர் பட்டதை இலைக்குள் ஒரு புரதம் உணர்ந்து வேலையைத் தொடக்கிவைக்கிறது. நிழலிலேயே கிடந்த இலையில் காப்பு குறைவு.

பிள்ளை வளர்ப்பும் இப்படித்தான். சின்னப் பிள்ளையை ‘பட்டுத் திருந்தட்டும்’ என்று விட்டுவிடுகிறவர்களோடு எனக்கு எப்போதும் சண்டைதான். கொழுந்துக்குச் சிவப்பு வேண்டும். ஆனால் பத்தொன்பது வயது மகனை வங்கிக்குத் தனியே அனுப்பாத தகப்பனையும் இங்கே பார்க்கிறேன். படிவத்தை அவரே நிரப்புகிறார், கையெழுத்துப் போடுகிற இடத்தை விரல் வைத்துக் காட்டுகிறார். அடுத்த மாதம் அந்தப் பிள்ளை கட்டாருக்குப் போகிறானாம்.

நிழல்வலைக்கடியில் வளர்ந்த ஒட்டுமாங்கன்றை வாங்கிவந்த அன்றைக்கே நடுவளவில் வைத்தால் இலை கருகிவிடும். முதலில் தென்னைக்கடியில், காலை வெயில் மட்டும் விழுகிற இடத்தில் வைக்க வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்த்த வேண்டும். இது அந்தத் தகப்பனுக்குத் தெரியாததல்ல. எனக்குப் போன வருடம் கன்று பழக்கி நட்டுத் தந்தவரே அவர்தான்.