‘நாங்கள் இன்னும் சேர்ந்தே வாழ்கிறோம்’

சென்ற வாரம் இரண்டாம் முறையாக அந்தக் கடிதத்தை எழுதினேன். ‘இவர் என் கணவர். நாங்கள் இன்னும் சேர்ந்தே வாழ்கிறோம். இவருடைய செலவுகளுக்கு நானே பொறுப்பு.’ மூன்றே வாக்கியங்கள்; கீழே என் கையெழுத்து. அதனுடன் திருமணச் சான்றிதழ், முகவரிச் சான்று, இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட நிழற்படம் எல்லாவற்றையும் பதிவேற்றினால்தான் அவருக்கு விசா நீட்டிப்பு. அவர் இலங்கைக் குடிமகன். நான் இந்தியக் குடிமகள்.

இதைப் பற்றி எழுத வேண்டாம் என்றே இதுவரை இருந்தேன். குடிப்பெயர்வை ஆய்வு செய்பவள் தன் வீட்டுக் கதையையே தரவாக்குவது முறையா என்ற தயக்கம். ஆனால் அண்மையில் ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில், ‘அயல்நாட்டவரை மணப்பதில் வரும் தொல்லைகள் எல்லாம் மேல்தட்டுத் தொல்லைகள்’ என்று நண்பர் ஒருவர் சொன்னார். அங்கே பதில் சொல்லத் தோன்றவில்லை. அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான் இடுக்கி மாவட்டம் தேவிகுளம் வட்டத்தில், தேயிலைத் தோட்டத்து லயம் ஒன்றில் பிறந்தவள். என் பூட்டன் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து போடி வழியாக மலையேறி வந்தவர். என் கணவரின் பூட்டன் துறையூர்ப் பக்கத்திலிருந்து மண்டபம் முகாம் வழியாகக் கடல் கடந்து இலங்கை மலையகத்துக்குப் போனவர். இருவரையும் கூட்டிச் சென்றவர்கள் கங்காணிகள். இருவர் வீட்டுப் பெண்களும் பறித்தது கொழுந்து. சட்டப்படி பார்த்தால் என் பூட்டனும் வேற்று ஆட்சிக்குள்தான் நுழைந்தார். மூணாறு அன்று திருவிதாங்கூர் மன்னரின் நாடு. அவர் கடந்த எல்லை 1956 நவம்பர் 1 முதல் கேரளத்துக்கும் தமிழகத்துக்கும் இடையிலான மாநில எல்லையாயிற்று. மற்றவர் கடந்த எல்லை இரு நாடுகளின் எல்லையாயிற்று. எங்களைப் ‘பன்னாட்டுத் தம்பதி’ ஆக்கியது இந்த ஒரு வேறுபாடுதான்.

அந்தப் பக்கத்துக் கதை நம்மில் பலர் அறிந்ததே. 1948இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த உடன்படிக்கை 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. என் கணவரின் பாட்டி இலங்கைக் கணக்கில் விழுந்தார். அவருடைய அண்ணன் இந்தியக் கணக்கில் விழுந்து தலைமன்னாரில் கப்பலேறினார். பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 2003இல்தான் இலங்கை நாடாளுமன்றம் சட்டம் இயற்றிக் குடியுரிமை வழங்கியது.

நாங்கள் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் மணந்துகொண்டோம். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் முப்பது நாள் குடியிருந்திருக்க வேண்டும். அதன் பிறகே அறிவிப்புக் கொடுக்கலாம். அந்த அறிவிப்பு அலுவலகப் பலகையில் முப்பது நாள் தொங்க வேண்டும். மறுப்பு வராவிட்டால் மூன்று சாட்சிகள் முன்னிலையில் மணம். அவர் மணமாகாதவர் என்பதற்குக் கொழும்பிலிருந்து சான்றிதழ் பெற்று வந்திருந்தார். பிறப்புச் சான்றிதழைப் புரட்டிய எழுத்தர் ஒரு கட்டத்தில் விரலை நிறுத்தினார். தந்தையின் இனம் என்ற இடத்தில் ‘இந்தியத் தமிழர்’ என்று இருந்தது. ‘இந்தியர் என்றால் இந்த விண்ணப்பம் எதற்கு?’ என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே குழம்பினார். பிறந்த நாட்டின் தாளில் இந்தியர், வந்த நாட்டின் தாளில் அயலவர். அந்த மேசை முன்னால் நின்றபடி அவருக்கு 1948ஐ விளக்க முயன்றேன். பாதியிலேயே, ‘சரி, சரி, கையெழுத்துப் போடுங்கள்’ என்றார்.

இப்போது எங்கள் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டு நிறைந்ததும் இந்தியக் குடிமகளின் கணவர் என்ற முறையில் ஓ.சி.ஐ. அட்டைக்கு அவர் விண்ணப்பிக்கலாம். அது கிடைத்தால் ஆண்டுதோறும் விசாவுக்கு நிற்க வேண்டியதில்லை, வேலைக்கும் போகலாம். ஆனால் 2015இல் குடியுரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட விதி ஒன்று உண்டு: திருமணம் நீதிமன்றத்தால் முறிக்கப்பட்டால் இவ்வழியில் பெற்ற அட்டையை அரசு ரத்து செய்யலாம். குடியுரிமையே வேண்டுமானால் ஏழு ஆண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும்.

இரண்டாவது வழி வம்சாவளி. அரசமைப்பு நடைமுறைக்கு வந்தபோது இந்தியக் குடிமகனாகத் தகுதி பெற்றிருந்த ஒருவரின் கொள்ளுப்பேரன் என்று காட்டினாலும் அதே அட்டை கிடைக்கும். அது என் தயவில் வரும் அட்டையன்று, அவருக்கே உரியது. துறையூர்ப் பக்கத்தில் பிறந்த பூட்டன் அந்தத் தகுதி உடையவர்தாம். அதற்குத் தாள் வேண்டும்.

தாள் தேடி அந்த ஊருக்குப் போனோம். பிறப்புப் பதிவேட்டில் அந்தப் பெயர் இல்லை. தோட்டத்துக்குப் போன பிறகு அவரைக் குறித்தது பெயரைவிடக் கடன் கணக்கே. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற அன்று ‘துண்டு’ என்ற கடன் சீட்டு வேண்டும். 1921இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. ஆளைப் பிடித்து வைக்க எழுதப்பட்ட தாள்களும் இன்று இல்லை. ஆளை அடையாளம் காட்டும் தாள்கள் என்றைக்கும் இருந்ததில்லை.

திரும்பும் வழியில் குலதெய்வக் கோயிலுக்குப் போனோம். பூசாரி தெய்வத்தின் பெயரையும் வகையறாவையும் கேட்டார். ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தார். ‘ஆமா, அந்த வகையறாவுல ஒரு கெளை சிலோனுக்குப் போச்சுன்னு எங்கப்பா சொல்லுவாரு’ என்றார் அவர். ஒரு மணி நேரத்துக்குள் என் கணவருக்குத் திருநீறும் கிடைத்தது, சித்தப்பா முறையில் மூவரும் கிடைத்தார்கள். வரவிருந்த திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கேட்டார்கள், கட்டினோம். அவருடைய பெயரையும் பூட்டன் பெயரையும் எழுதி ரசீது கொடுத்தார்கள். இந்திய மண்ணில் அந்த இரு பெயர்களும் சேர்ந்து எழுதப்பட்ட ஒரே தாள் அதுதான். எந்த அலுவலகமும் அதை ஏற்காது.

ஆகவே, என் கையெழுத்தின் வழியேதான் போக வேண்டும். திருமணத்தின் வழியே வரும் உரிமையில் ஒருவர் கொடுப்பவர், மற்றவர் பெறுபவர். 1955இன் குடியுரிமைச் சட்டம் முதலில் எழுதப்பட்டபோது, இந்தியரை மணந்த ‘பெண்கள்’ மட்டுமே பதிவின் மூலம் குடியுரிமை கோரலாம் என்றது. மனைவி கணவனைப் பின்தொடர்வாள் என்பது அதன் எண்ணம். 1986இல்தான் அந்தச் சொல் ‘நபர்கள்’ என்று மாறியது. பாலினம் மாறியது, ஒருவரைச் சார்ந்து மற்றவர் என்ற அமைப்பு மாறவில்லை. மற்ற நாடுகளிலும் இதன் வடிவங்களைக் காணலாம். அமெரிக்கா, திருமணமாகி இரண்டு ஆண்டு நிறையாதவருக்கு நிபந்தனையுடன்தான் வதிவுரிமை தருகிறது. பிரிட்டன் 2024 ஏப்ரல் முதல், துணையை அழைப்பவரிடம் ஆண்டுக்கு 29,000 பவுண்டு வருமானம் கேட்கிறது.

என் கள ஆய்வு பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில். அதற்காகவே நாங்கள் இப்போது கொழிஞ்சாம்பாறைப் பக்கம் குடியிருக்கிறோம். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் எல்லையைக் கடந்து வாழ்க்கைப்பட்டு வரும் பெண்களிடம் பேசுகிறேன். ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்க மாமியார் வீட்டார் மனம் வைக்க வேண்டும். பட்டியல் சாதிப் பெண்ணுக்கு இன்னொன்றும் உண்டு: 1950 ஆகஸ்ட் 10 அன்று அவள் குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாக வாழ்ந்தது என்பதே கணக்கு. ஒரு மாநிலத்தின் பட்டியல் தகுதியை வேறு மாநிலத்துக்கு எடுத்துச் சென்று சலுகை கோர முடியாது என்று 1990இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஒரு பேருந்துப் பயணத்தில் கடக்கும் தூரத்தில் ஒரு பெண் தன் இடஒதுக்கீட்டை இழந்துவிடுகிறாள். அவர்களிடம் வினாப்பட்டியலுடன் போய் உட்கார்ந்தவள் நான். வீடு திரும்பினால் அதே வினாக்களுக்கு என் கணவர் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

அவர் ஹட்டனுக்கு அருகே பள்ளியில் வரலாறு கற்பித்தவர். இங்கே அவர் விரும்பியபடி வேலைக்குச் சேர முடியாது. என் ஆய்வு உதவித்தொகை தாமதமாகும் மாதங்களில் அவர் மளிகைக் கடைக்குப் போவதைத் தவிர்க்கிறார் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். விசாரணைக்குக் காவலர் வந்தபோது நான் களத்தில் இருந்தேன். ‘இவங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருக்காங்களா?’ என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டிருக்கிறார். ‘நேத்து ராத்திரி கூட சண்டை போட்டாங்க சார். ஒண்ணா இல்லாமயா சண்டை வரும்?’ என்று அவர் சொன்னதாகக் கேள்விப்பட்டுச் சிரித்தோம்.

அந்தச் சண்டையை மட்டும் நான் மறக்கவில்லை. கோபத்தின் உச்சியில், ‘அடுத்த முறை அந்தக் கடிதம்…’ என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன். வாக்கியத்தை முடிக்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் காலையில் காபியைக் கொண்டுவந்து வைத்தபடி, ‘நீ எழுதாமல் விட்டால் எத்தனை நாளில் போக வேண்டும் என்று பார்த்துவைத்திருக்கிறேன்’ என்றார். குரலில் குத்தல் இல்லை. அவர் முன்பே கணக்கிட்டு வைத்திருந்தார் என்பதுதான் என்னை உலுக்கியது. அதிகாரத்தைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். என் கையில் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். இதே நிலையில் கொடுமைக்காரரிடம் சிக்கிய பெண்களுக்கு இந்தக் கடிதம் என்னவாக இருக்கும் என்று அதன் பிறகு நினைக்காத நாளில்லை.

நண்பருக்கு என் பதில் இதுதான். எல்லை தாண்டிய மணங்கள் எல்லா வகுப்பிலும் நடக்கின்றன. பூட்டனின் பிறப்புச் சான்றிதழ் பெட்டியில் இருக்கும் குடும்பத்துக்கு அது அலைச்சல். தாளே இல்லாத குடும்பத்தில், கடந்து வந்தவர் மற்றவரின் கையெழுத்தையே நம்பி வாழ வேண்டும். இங்கே தங்கும் உரிமை துணையின் ஆண்டுக் கடிதத்தைச் சாராமல், கடந்து வந்தவரின் சொந்தப் பெயரிலேயே தொடக்கம் முதல் இருக்க வேண்டும். மலையகத் தமிழருக்கு வம்சாவளியை நிறுவ, ஊராரின் வாய்மொழிச் சாட்சியும் குலதெய்வக் கோயில் கணக்கும் துணைச் சான்றாகவேனும் ஏற்கப்பட வேண்டும். சட்டத்துறை நண்பர்கள் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வரும் தை மாதத்தில் எங்களுக்கு இரண்டு ஆண்டு நிறைகிறது. திருமண வழியிலேயே விண்ணப்பிக்க முடிவு செய்திருக்கிறோம். தேவைப்படும் தாள்களை எல்லாம் ஓர் உறையில் அடுக்கி வைத்திருக்கிறார். பட்டியலில் இல்லாத ஒன்றையும் கடைசியில் செருகியிருக்கிறார்: அந்தத் தலைக்கட்டு வரி ரசீது. எடுத்துவிடச் சொல்லவில்லை நான்.