அப்பா திறக்காத பெட்டி

நான் பிறந்தது குலசேகரம் பக்கம், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில். வாக்கப்பட்டு வந்தது கொட்டாரம். அங்கே மலை, இங்கே வயலும் தென்னையும். ஒரே மாவட்டம்தான் என்றாலும், கல்யாணமான புதிதில் வேறு தேசத்துக்கு வந்த மாதிரி இருந்தது. முக்கியமாக ஒன்று இல்லை. தேனீப்பெட்டி.

எங்கள் ஊரில் ஆடு, கோழி மாதிரி தேனீயும் வீட்டில் ஓர் உருப்படி. அப்பாவிடம் முப்பத்திரண்டு பெட்டிகள் இருந்தன. தை, மாசியில் ரப்பர் இலை உதிர்ந்து தளிர் விடும்போதுதான் எங்களுக்கு அறுவடை. ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். இளம் இலைக்காம்பின் நுனியில் சுரக்கும் இனிப்பைத்தான் தேனீ எடுத்து வரும். கதம்பையைப் பற்றவைத்து அப்பா புகை போட, நான் பக்கத்தில் பாத்திரத்தோடு நிற்பேன்.

1991, 92-ல் எல்லாம் முடிந்தது. தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் கேரளாவிலும் எங்கள் பக்கமும் பரவி, பெட்டி பெட்டியாகப் புழுக்கள் செத்தன. அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் முப்பத்திரண்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. காலிப் பெட்டிகளை அப்பா அடுப்புக்கு உடைத்தார். அதன்பிறகு அவர் பால்வெட்டுக்குப் போனார். தேனீ என்ற பேச்சையே எடுத்ததில்லை.

அம்மா இறந்தபிறகு அப்பாவைக் கொட்டாரத்துக்குக் கூட்டிவந்தேன். எழுபத்தெட்டு வயது. பேசுவதே குறைவு. பகல் முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஒரு பிடிப்பு வேண்டும் என்று நினைத்துத்தான் போன தைக்கு முந்தின தையில் இரண்டு தேனீப்பெட்டிகள் வாங்கினேன். ஆட்டோவிலிருந்து பெட்டி இறங்கியதைப் பார்த்தார். நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று இறங்கினேன். சின்ன வயதில் பார்த்தது வேறு, கையால் செய்வது வேறு என்று ஒரே வாரத்தில் புரிந்தது.

நான் வாங்கியது நியூட்டன் பெட்டி. நூறு வருடங்களுக்கு முன்பு திருச்சியில் நியூட்டன் என்ற பாதிரியார் நம் நாட்டு அடுக்குத் தேனீயின் அளவுக்கு ஏற்ப வடிவமைத்தது. 1920-களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. கிராம முன்னேற்ற மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர், பெட்டியில் தேனீ வளர்க்க எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அப்போது நாங்கள் திருவிதாங்கூர்க்காரர்கள். மார்த்தாண்டம் தேனுக்குப் பெயர் வந்த கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பெட்டியின் கீழ் அறையில் ஏழு சட்டங்கள். அங்கே ராணி முட்டையிடும், புழு வளரும். மேல் அறை தேனுக்கு. நாம் கைவைக்க வேண்டியது மேல் அறையில் மட்டும். கீழ் அறைத் தேன் அவர்களின் சாப்பாடு.

முதல் தப்பு, இடம். பெட்டியைத் தென்னைகளுக்கு நடுவே வெட்டவெளியில் வைத்தேன். வெயில் ஏறியதும் வாசலில் கொத்தாகத் தொங்கின. பதறிப்போய் மத்தியானமே பத்தடி தள்ளி மாமர நிழலில் வைத்தேன். அது இரண்டாவது தப்பு. வெளியே போன தேனீக்களெல்லாம் பழைய இடத்துக்கே திரும்பிவந்து சுற்றின. பெட்டி வைக்கும் முன்பே இடத்தை முடிவு செய்துவிட வேண்டும். நிழல், கிழக்குப் பார்த்த வாசல், முன்னால் ஆள் நடமாட்டம் இல்லாத பத்தடி. எங்கள் பக்கம் இன்னொன்றும் உண்டு. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து அடிக்கும் காற்று. அதற்கு ஒரு வேலியோ சுவரோ மறைப்பு வேண்டும்.

மூன்றாவது தப்பு, ஆசை. தினமும் திறந்து பார்த்தேன். நம் நாட்டுத் தேனீ பொறுக்காது, கூட்டை விட்டே போய்விடும். வாரம் ஒருமுறை, காலை வெயில் வந்தபிறகு, சில நிமிடம் பார்த்தால் போதும். திறக்கும் முன் வாழைப்பழம் சாப்பிட்டிருக்கக் கூடாது. தேனீ கொட்டும்போது மற்ற தேனீக்களைக் கூப்பிட விடும் வாசனையும் வாழைப்பழ வாசமும் ஒரே ஜாதி. நான் மட்டிப்பழம் சாப்பிட்ட கையோடு போய் ஆறு கொட்டு வாங்கினேன். கொட்டினால் கொடுக்கை விரலால் பிடித்து இழுக்கக் கூடாது. நகத்தால் சுரண்டித் தள்ள வேண்டும். வீக்கம் சாதாரணம். மூச்சுத் திணறலோ, உடம்பெல்லாம் தடிப்போ வந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

எறும்புக்கு, பெட்டி நிற்கும் காலைச் சுற்றிக் கிண்ணத்தில் தண்ணீர். மழைக்காலத்தில் பூ இல்லாதபோது, ஒரு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து சிரட்டையில் ஊற்றி, மூழ்காமல் இருக்க நாலு குச்சி போட்டு, இருட்டும் நேரத்தில் பெட்டிக்குள் வைப்பேன். வெளியே சிந்தினால் அடுத்த பெட்டிக்காரர்கள் கொள்ளையடிக்க வந்துவிடுவார்கள்.

சித்திரையில் முதல் தேன். அடையில் முக்கால்வாசி அறைகளை மெழுகால் மூடியபிறகுதான் எடுத்தேன். மூடாத தேனில் தண்ணீர் அதிகம், புளித்துவிடும். இரண்டரை கிலோ வந்தது. பக்கத்து வீட்டு அக்கா, பிறந்த பேரனுக்குச் சேனை வைக்கக் கேட்டார். "ஒரு வயசு ஆகாத பிள்ளைக்குத் தேன் நாக்கில்கூடத் தொட்டு வைக்கக் கூடாதுன்னு டாக்டர்கள் சொல்றாங்கக்கா. அதுல இருக்கற கிருமி பச்சைப்பிள்ளைக்கு ஆகாது" என்று பாட்டிலை அவருக்கே கொடுத்தேன். கொஞ்சம் முகம் சுருங்கியது. பரவாயில்லை.

அப்பாவுக்கு ஒரு கரண்டி கொண்டுபோனேன். "சுகர் இருக்கு மக்ளே" என்றார். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இல்லை.

ஆவணியில் ஒருநாள் கீழ் அறையைத் திறந்தேன். மூடியிருக்க வேண்டிய புழு அறைகள் பல திறந்து கிடந்தன. உள்ளே புழுக்கள் தலையைத் தூக்கிக்கொண்டு, படகு மாதிரி வளைந்து, மஞ்சளாகக் கிடந்தன. எனக்குக் கை நடுங்கியது. திண்ணைக்கு ஓடினேன்.

"அப்பா, புழு தலையைத் தூக்கிட்டுக் கிடக்கு."

அவர் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மூடியில ஓட்டை உண்டா?" என்றார்.

"உண்டு."

எழுந்தார். செருப்புகூடப் போடவில்லை. பெட்டிப் பக்கம் வந்து, என் தலையிலிருந்த ஹேர்பின்னை வாங்கி ஒரு புழுவை மெல்லத் தூக்கினார். தண்ணீர் நிரம்பிய சின்னப் பை மாதிரி முழுசாக வந்தது.

"அதே சவம்தான்" என்றார். "அடுத்த பெட்டியத் தொட்டியா?"

"இல்லப்பா."

"தொடாத. போய் கையச் சோப்புப் போட்டுக் கழுவு."

அன்று மாலைக்குள் எல்லாம் அவரே செய்தார். இந்த நோய்க்கு மருந்து கிடையாது. மனிதருக்கு இதனால் ஆபத்தும் இல்லை. புழு இருந்தால்தான் நோய் வளரும். அதனால் ராணியைச் சின்னக் கூண்டில் இரண்டு வாரம் அடைத்து முட்டையிடாமல் செய்தார். கெட்ட அடைகளைக் குழி தோண்டி எரித்தார். இருக்கிற தேனீக்கள் நெருங்கி உட்காரும்படி சட்டங்களைக் குறைத்தார். இந்தப் பெட்டிச் சட்டம் அந்தப் பெட்டிக்குப் போகக் கூடாது. கத்தி, புகைப்பான் எல்லாம் தனித்தனி.

ராத்திரி சாப்பிடும்போது தானாகவே பேசினார். முப்பது வருடத்துக்கு மேல் பேசாத பேச்சு.

92-ல் அருமனை மாமா, அம்மாவின் அண்ணன், இரண்டு குடும்பம் தேனீ கேட்டாராம். நன்றாகத் தெரிந்த இரண்டு பெட்டிகளை அப்பா கொடுத்தனுப்பினார். "ஆனா மூலையில ரெண்டு பெட்டியில எனக்கு அப்பமே சந்தேகம் உண்டு மக்ளே. சொல்லல. சொன்னா எங்கிட்ட ஆரும் வாங்க மாட்டாவன்னு பயம்." ஒரு மாதத்தில் மாமாவின் பெட்டிகள் எல்லாம் போயின. மகள் கல்யாணத்துக்கு அந்தத் தேன் காசைத்தான் அவர் நம்பியிருந்தார். நல்லது கெட்டதுக்கு இரண்டு பேரும் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் ஒரு பந்தியில் சேர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. காரணம் அன்றுதான் தெரிந்தது.

நோய் வந்த பெட்டி தேறவில்லை. ஐப்பசி மழையில் மிச்சத் தேனீக்களும் கூட்டை விட்டுப் போய்விட்டன. அடுத்த பெட்டி பிழைத்தது. தையில் அதில் ராணி அறை கட்டத் தொடங்கியதும், அப்பா பாதி அடைகளோடு பிரித்து இரண்டாக்கினார். பங்குனியில் தேன் எடுத்த அன்று, "அருமனைக்குப் போலாமா?" என்று கேட்டார்.

நாகர்கோவில், மார்த்தாண்டம் என்று பஸ் மாறி மாறிப் போனோம். மாமாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அப்பா பாட்டிலை அவர் கையில் கொடுத்துவிட்டு, நின்றுகொண்டே சொன்னார். "மச்சான், அன்னைக்கு நான் தந்தப்ப எங்கிட்ட நோவு இருந்து. தெரிஞ்சுதான் தந்தேன்."

மாமா வெகுநேரம் பேசவில்லை. பாட்டிலைத் திறந்து விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"அந்தப் பெட்டி செத்துத் தொடங்கினப்ப, மிச்சத்துல ரெண்ட நான் திருவட்டாறுக்காரனுக்கு வித்தேன் மாப்பிள. எனக்கும் தெரியும்" என்றார். "இரி."

இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அத்தை இலை போட்டார்.

தேனீ வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் இப்போது என்னிடம் கேட்கிறார்கள். ஒன்றல்ல, இரண்டு பெட்டியாகத் தொடங்குங்கள், ஒப்பிட்டுப் பார்க்கலாம். மழை முடிந்து பூ வரும் நேரத்தில் வாங்குங்கள். எங்கள் மாவட்டத்தில் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, சந்தேகம் கேட்கலாம். பக்கத்து வயல்காரரிடம் மருந்து அடிக்கும் நாளை முன்கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள். அன்று சாயங்காலம் தேனீ கூடு அடைந்தபிறகு அடித்தால் புண்ணியம்.

கடைசியாக அப்பா சொல்லச் சொன்னது: உங்கள் பெட்டியில் நோய் தெரிந்தால், பக்கத்தில் பெட்டி வைத்திருப்பவரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். விலை போகாவிட்டாலும் பரவாயில்லை.

இப்போது எங்கள் கொல்லையில் மூன்று பெட்டிகள். சனிக்கிழமை காலையில் அப்பாதான் திறக்கிறார். பாத்திரத்தோடு நான் பக்கத்தில் நிற்கிறேன்.