மம்சாபுரத்துத் திண்ணை

ஸ்ரீவில்லிபுத்தூரில் வந்து இறங்குகிறவர்களின் கண் முதலில் பதினொரு நிலைக் கோபுரத்தை நாடும். அடுத்தபடி மூக்கு பால்கோவாக் கடையை நாடும். மேற்கே திரும்புகிறவர்கள் சொற்பம். மலையடிவாரத்தில், இவ்வூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே, வயலும் தென்னந்தோப்பும் சூழ மம்சாபுரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. என் அத்தை வாழ்க்கைப்பட்ட ஊர் அது. ஆகவே என் பிள்ளைப் பிராயத்து விடுமுறைகளுக்கெல்லாம் அதுவே ஊர்.

மூன்று வருஷங்களுக்கு முன் சித்திரையில் குடும்பத்துடன் அங்கே போயிருந்தேன். காலையில் செண்பகத்தோப்புக்குச் சென்று, சாம்பல் நிற அணில் ஒன்றை அரை மணி நேரம் துரத்தித் துரத்திப் படம் பிடித்தேன். அந்த அணில்களுக்குச் சரணாலயமாக இருந்த காடு, 2021-ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தில் சேர்ந்துவிட்டது. மாலையில் அத்தை திண்ணையில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக் கொண்டிருந்தாள். அவளையும் படம் எடுத்தேன்.

“என்னை எதுக்கய்யா பிடிக்கிறே? அந்த மலையைப் பிடி” என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் படத்தில் விழுந்தது.

திரும்புகையில் ராஜபாளையத்தில் பஸ் ஏறும் நெருக்கடியில் என் செல்போன் காணாமற் போயிற்று. அணில் போயிற்று, மலை போயிற்று, சிரிப்பும் போயிற்று. ‘அடுத்த வருஷம் எடுத்துக் கொள்ளலாம்’ என்று தேற்றிக் கொண்டேன். ஆடி மாதத்தில் அத்தை காலமானாள். பதினாறாம் நாள் மாலை போடுவதற்கு ஒரு படம் வேண்டுமென்று வீடு முழுவதும் தேடினோம். கடைசியில் ரேஷன் அட்டையிலிருந்த தபால்தலை அளவுப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டார்கள்.

நம் முன்னோர்க்கு இந்தப் பயம் நன்றாகத் தெரியும். ஓலையைச் செல் அரிக்கும் என்பதால், தலைமுறைக்கொரு முறையாவது ஏடு பெயர்த்து எழுதி வைத்தார்கள். உ. வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததும், பல ஊர்களிலிருந்து வந்த பிரதிகளை ஒப்பு நோக்கித்தான். ஒரே வீட்டில் ஒரே ஏடாக இருந்து, அந்த வீடும் தீப்பட்டிருந்தால் நூல் ஏது? 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றில் அச்சு நூல்களுக்கு வேறிடத்தில் பிரதி தேடலாம். வேறெங்கும் பிரதியில்லாத ஓலைச்சுவடிகளை எங்கே தேடுவது?

சென்ற சித்திரையில் மறுபடியும் மம்சாபுரம் போனபோது, அத்தையின் பேரன் எனக்குக் குருவானான்.

“மாமா, படம் ரெண்டு இடத்தில் இருந்தால்தான் இருக்குன்னு அர்த்தம்” என்றான்.

அவன் கற்பித்த முறைக்குச் செலவு, சுமாராக இரண்டு கிலோ பால்கோவாவின் விலைக்குள் அடங்கும். செல்போனில் நேரே செருகக்கூடிய 32 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். ஒரு படம் நாலு எம்பி என்று வைத்துக் கொண்டால் ஏறக்குறைய எண்ணாயிரம் படங்கள் கொள்ளும். இரவில் படுக்குமுன் அன்றைய படங்களை அதில் பிரதி செய்துவிட வேண்டும். பென் டிரைவைச் செல்போனோடு ஒரே பையில் வைக்கலாகாது. பை போனால் இரண்டும் போகும். என்னுடையது இப்பொழுது என் மனைவியின் சுருக்குப் பையில் பிரயாணம் செய்கிறது.

இரண்டாவது பிரதி இணையத்துக்கு. கூகுள் கணக்கில் 15 ஜிபி வரை இலவசம். ஆனால் அஞ்சலும் அந்தக் கணக்கில் சேரும். பல செல்போன் திட்டங்களில் நாள்தோறும் கிடைக்கும் டேட்டாவில் மிஞ்சியது நள்ளிரவோடு வீணாகிறது. அதைக் கொண்டே படங்களை ஏற்றிவிடலாம். உறவினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் ‘டாக்குமெண்ட்’ என்ற வழியில் அனுப்ப வேண்டும். இல்லாவிடில் படம் இளைத்துப் போகும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். கூகுள் போட்டோஸில் ஏறிய படத்தை அந்தச் செயலியிலேயே அழித்தால், இணையத்திலுள்ளதும் சேர்ந்து அழியும். நடைபாதையில் மலிவாய்க் கிடைக்கும் கார்டு, மேலே அச்சிட்ட அளவைக் கொள்ளாமல் ஏமாற்றுவதுண்டு. பிரயாணத்துக்கு முன்பே நிரப்பிச் சோதித்துக் கொள்வது நலம்.

ஊர் திரும்பியதும் அருமையான நாலைந்து படங்களையாவது காகிதத்தில் அச்சிட்டு விடுங்கள். அதைப் பார்க்க மின்சாரமும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம்.

மம்சாபுரத்து வீட்டுச் சுவரில் அத்தையின் படம் இன்றும் தொங்குகிறது. பெரிதாக்கியதால் முகம் கலங்கியிருக்கிறது, சிரிப்பும் இல்லை. திண்ணையில் சிரித்த அத்தையைப் பார்த்தவர்கள் நாங்கள் நாலு பேர். எங்களுக்குப் பிறகு அந்தச் சிரிப்புக்குப் பிரதியில்லை.