குகைக்குள் ஒரு கூவல்

புகைவண்டி என்னும் சொல் இன்று பொருளிழந்து நிற்கிறது. புகையும் இல்லை, கரியும் இல்லை. ஆயினும் எங்கள் வயதினர் சிலர் இன்னும் அப்படியே சொல்லி வருகிறோம். வெறும் பழக்கத்தால் அன்று. அந்தச் சொல்லுக்குள் எங்கள் குடும்பமே அடங்கிக் கிடக்கிறது.

எங்கள் வீடு வீரவநல்லூரில் இருந்தது. அப்பா தொடக்கப்பள்ளி ஆசிரியர். பிள்ளைகள் நாங்கள் நால்வர். அம்மாவைப் பெற்ற ஆச்சியோ மலைக்கு அப்பால் புனலூரில், சித்தியின் வீட்டில் இருந்தார்கள். ஆச்சி பிறந்த செங்கோட்டை 1956 நவம்பர் முதல் நாள்வரை திருவிதாங்கூர்ச் சீமையைச் சேர்ந்தது. அதன்பின் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆச்சிக்கு ஒரு மகள் எல்லைக்கு இந்தப் பக்கம், ஒரு மகள் அந்தப் பக்கம். எல்லைக்கோடு மாறியது, 1904-இல் கொல்லத்தையும் செங்கோட்டையையும் இணைத்த மீட்டர் கேஜ் தண்டவாளம் மாறவில்லை. ஆண்டுக்கொரு முறை, கோடை விடுமுறையில், அந்தத் தண்டவாளமே தாயையும் மகளையும் சேர்த்துவைத்தது.

அந்நாளில் மூன்றாம் வகுப்பு என்று ஒன்று உண்டு. 1974-இல்தான் அந்தப் பெயர் ஒழிந்தது. மரப்பலகை இருக்கை, கையில் கெட்டியான அட்டைப் பயணச்சீட்டு. அப்பா அதைச் சட்டைப்பையில் வைத்து ஊசி குத்திக்கொள்வார். அம்மாவின் மடியில் புளிச்சோற்றுத் தூக்குவாளி. காலடியில் தண்ணீர்க் கூஜா. கல்லிடைக்குறிச்சியில் அப்பளக் கட்டுகள் ஏறும். அதைக் கடந்ததும் பாலத்தின்மேல் வண்டி தடதடக்கும், கீழே தாமிரபரணி. காசு எறிவதற்கு அப்பாவிடம் காசு இல்லை. நாங்கள் கையசைத்துத் திருப்தி கொள்வோம்.

வண்டி தண்ணீர் பிடிக்க நிற்கும் இடத்தில் நாங்கள் எஞ்சினருகே ஓடுவோம். யானைத் துதிக்கை போன்ற குழாய் வளைந்து நீரைக் கொட்டும். கரி அள்ளிப் போடுபவரின் முகம் நெருப்பு வெளிச்சத்தில் செம்பாக மின்னும். கரியும் நீரும் தின்று, மூச்சிரைத்து, வியர்த்து ஓடிய அந்த எஞ்சின் எங்களுக்கு ஓர் உயிராகவே தோன்றியது. அதன் கரித்தூள் கண்ணில் விழாமல் எங்கள் பயணம் எதுவும் முடிந்ததில்லை. அம்மா சேலைத் தலைப்பைச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடேற்றி, கண்ணில் ஒற்றியெடுப்பாள். அந்தச் சூடு இன்றும் நினைவிருக்கிறது.

செங்கோட்டையில் வண்டியின் பின்னாலும் ஓர் எஞ்சின் மாட்டப்படும். முன்னால் ஒன்று இழுக்க, பின்னால் ஒன்று தள்ள, வண்டி மலையேறும். பகவதிபுரத்தைத் தாண்டி, ஆரியங்காவுக்கு முன்னால், நெடிய குகை. சன்னல்களை இறக்கிவிடச் சொல்வார்கள். புகை எப்படியும் உள்ளே வந்துவிடும். அந்தக் காரிருளில் பெட்டியிலுள்ள பிள்ளைகள் அத்தனைபேரும் ஒருசேரக் கூவுவோம். குகை எங்கள் குரலை எங்களுக்கே திருப்பித் தரும். வெளியே வந்தால் காடும் ஈரக்காற்றும், பிறகு பதின்மூன்று கண் பாலம், மாலையில் புனலூர்.

1965 தை மாதத்தில் மூத்த அக்காளின் திருமணம் நடந்தது. கடன் மிஞ்சியது. அந்தக் கோடையில், "இந்த வருசம் வேண்டாம்" என்றார் அப்பா. அம்மா மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆச்சிக்கென இட்டுவைத்த வடகத்தை எடுத்துப் பரணில் வைத்தாள். ஐப்பசி மழையில் தந்தி வந்தது. எங்களைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் புறப்பட்டார்கள். அவர்கள் சேர்வதற்குள் ஆச்சியை அடக்கம் செய்துவிட்டார்கள்.

அந்தப் பயணத்தைப் பற்றி அம்மா எங்களிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "குகைக்குள்ள போறவரைக்கும் அடக்கிக்கிட்டு இருந்தேன். உள்ள இருட்டு. சத்தமும் வெளிய கேட்காது. அங்கதான் அழுதேன்."

மறு ஆண்டு கோடையில் சித்தியைப் பார்க்க மீண்டும் போனோம். குகை நெருங்கியதும் எங்களுக்கு நா எழவில்லை. மற்றப் பிள்ளைகள் கூவ, நாங்கள் நால்வரும் அம்மாவின் பக்கம் ஒடுங்கியிருந்தோம். இருளிலிருந்து அவள் குரல் வந்தது: "ஏன் சும்மா இருக்கீங்க? கூவுங்க பிள்ளைகளா. ஆச்சி உங்க சத்தத்தைத்தான் தேடுவா." நாங்கள் கூவினோம். அம்மாவும் எங்களோடு கூவினாளோ என்று இன்றுவரை எங்களுக்குள் வழக்கு உண்டு. தம்பி கேட்டதாகச் சொல்கிறான்.

விடுமுறை என்பது எங்களுக்கு மட்டுமே விடுமுறையாக இருந்தது என்பதைப் பெற்றோரான பிறகே உணர்ந்தோம். அப்பாவுக்கு அது பதினொரு மாதச் சிக்கனம். அம்மாவுக்கு அது ஆண்டு முழுவதற்குமான தாய்வீடு. ஒரே பலகையில் நெருங்கி அமர்ந்து, ஒரே வாளிச் சோற்றை உண்டு, நாங்கள் வெவ்வேறு பயணங்களைச் செய்திருக்கிறோம். எங்கள் மகிழ்ச்சியின் விலையை அவர்கள் எங்களுக்குச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அது மகிழ்ச்சியாக இருந்திருக்காது.

நீராவி எஞ்சின்கள் உற்பத்தி இந்தியாவில் 1972-இல் நின்றது. மலைமீதிருந்த மீட்டர் கேஜ் பாதை 2010-இல் மூடப்பட்டு, அகலப் பாதையாகி, 2018-இல் திறக்கப்பட்டது. இப்போது எங்கள் பேரப்பிள்ளைகள் கண்ணில் கரி விழாமல் அவ்வழியே போய்வருகிறார்கள். அது நல்லதே, புகைக்காக ஏங்குவோர் அல்லர் நாங்கள். எனினும் அவர்களிடம் ஒன்று சொல்லிவைத்திருக்கிறோம்: கைப்பேசியைச் சற்றே கீழே வைத்துவிட்டு, உடன்வரும் பெரியவரின் முகத்தைப் பாருங்கள். அவர் வேறொரு வண்டியில் போய்க்கொண்டிருக்கக் கூடும்.