கோர்வைத் தறியில் இடைவெளி ஏது?

தமிழ்நாட்டின் முதல் கொரோனா நோயாளி எங்கள் காஞ்சிபுரத்துக்காரர்தான், 2020 மார்ச்சில். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்குள் அது நுழைந்தது 2021 மே மாதம், இரண்டாம் அலையில்.

கோர்வைப் புடவை நெய்ய ஒரே தறியில் இரண்டு பேர் வேண்டும். ஆறடி இடைவெளிக்கு எங்கே போவது? அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டதும், பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளும் சித்தப்பாவுக்கும் வந்துவிட்டது. அப்பா ஏப்ரல் தொடக்கத்திலேயே கோவிஷீல்டு முதல் டோஸ் போட்டிருந்தார், வீட்டிலேயே தேறினார். சித்தப்பா போடவில்லை. ஏப்ரல் 15இல் ஊசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக் 17ஆம் தேதி இறந்ததும் தெருவே பயந்து கிடந்தது. பாவம், சித்தப்பாவை எப்படிக் குறை சொல்வது? ஆக்சிஜன் வைத்துத்தான் மீட்டோம்.

விவேக்கின் மரணத்துக்கு ஊசி காரணமில்லை என்று ஒன்றிய அரசின் குழு சொன்னது அக்டோபரில். அதற்குள் அந்த அலையே ஓய்ந்துவிட்டது. அவ்வளவு தாமதமாகச் சொல்லியிருக்கக் கூடாது.

சித்தப்பாவுக்கு இன்றும் மூச்சு வாங்குகிறது. இப்படி மூச்சிரைப்போடு தறியில் உட்காரும் பெரியவர் உங்கள் வீட்டிலும் இருந்தால், வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். ஒருமுறை நுரையீரல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.