வைஸ் உயரம்

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். என்னிடம் ஃபிட்டர் படித்து, சில வருடம் கம்பெனியில் இருந்துவிட்டு, இப்போது ஒரு ஐ.டி.ஐ.யில் பயிற்றுநராகச் சேர்ந்திருக்கிறார். காபி டம்ளரைக் கையில் வாங்கியதுமே புலம்ப ஆரம்பித்துவிட்டார்.

“பசங்களுக்கு அக்கறையே இல்ல சார். அரத்தைக் கையில குடுத்தா அஞ்சு நிமிஷம். அப்புறம் போன்தான். நீங்க எங்களை எப்படி சார் மேய்ச்சீங்க?”

மேய்க்கத் தெரியாமல்தான் நானும் ஆரம்பித்தேன் என்றேன். அவர் படிக்க வந்ததற்கு முந்தைய கதை அது. அவரிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

1986-இல் நான் பயிற்றுநர் ஆனேன். அதற்கு முன் தொழிற்சாலையில் வேலை. அங்கே மேஸ்திரி என்னைத் திட்டித்தான் தொழில் கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொடுப்பது என்றால் திட்டுவது என்றே நினைத்திருந்தேன். என் பிரிவில் பதினாறு பையன்கள்.

ஃபிட்டர் படித்தவர்களுக்குத் தெரியும், ஆரம்ப வாரங்களில் மெஷின் பக்கமே விடமாட்டோம். ஹாக்சா, அரம், சுத்தியல், இவைதான். ஓர் இரும்புத் துண்டை வைஸில் கட்டி, மேல்பரப்பு மட்டமாக வரும்வரை ராவ வேண்டும். ட்ரை ஸ்கொயரை அதன்மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், எங்கேயும் கீற்று வெளிச்சம் தெரியக்கூடாது. உள்ளங்கை கொப்பளித்துவிடும். “மெஷின் எப்ப சார் தொடுவோம்?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

அந்தப் பதினாறில் ஒருவன் ரொம்பச் சின்னப் பையன். பதினைந்து வயது இருக்கும், பார்த்தால் பன்னிரண்டு சொல்லலாம். இரண்டு பஸ் மாறி வருவான். மூன்று வாரம் ராவியும் அவன் ஜாப் நடுவில் மேடாகவே இருந்தது. ட்ரை ஸ்கொயர் வைத்தால் இரண்டு ஓரத்திலும் வெளிச்சம். ஒருநாள் எல்லார் முன்னாலும் அந்தத் துண்டை வாங்கி ஸ்கிராப் பெட்டியில் வீசினேன். “உனக்கு இது வராது, வேற வேலை பாரு” என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அரத்தை பிரஷ்ஷால் சுத்தம் செய்து, எடுத்த இடத்தில் வைத்துவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டுப் பெயரை அடித்தார்கள். சோம்பேறி, ஓடிவிட்டான் என்று நானும் விட்டுவிட்டேன்.

சில மாதம் கழித்து அந்த வைஸின் தாடை தேய்ந்து போனதால் மாற்றிக்கொண்டிருந்தேன். வைஸின் மேல்விளிம்பு, நிற்பவனின் முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும். இது நானே கரும்பலகையில் எழுதிப்போடும் பாடம். அந்த வைஸ் எனக்குச் சரியாக முழங்கைக்கு வந்தது. அப்படியானால் அவனுக்கு? நெஞ்சுக்கு வந்திருக்கும். கையைத் தூக்கி வைத்துக்கொண்டு ராவினால் அரம் ஏறி இறங்கி ஆடும். ஜாப் மேடாகத்தான் வரும். மூன்று வாரம் அவன் பக்கத்தில் போய்ப் போய்த் திட்டியிருக்கிறேன். ஒருமுறைகூட அவன் நிற்பதைப் பார்க்கவில்லை.

ஒரு கார்டு எழுதிப் போட்டேன். பதில் இல்லை. பிறகு ஊருக்கே போய் விசாரித்தேன். திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்கு அனுப்பிவிட்டதாக அவன் அப்பா சொன்னார். நல்ல மனிதர். மோர் கொடுத்தார். என்ன நடந்தது என்று பையன் வீட்டில் சொல்லவே இல்லை போலிருக்கிறது. நானும் சொல்லவில்லை. அது இரண்டாவது தப்பு.

அடுத்த வருடம் கார்பென்டர் பிரிவு நண்பரிடம் சொல்லி, மேலே ஏறி நிற்க நான்கு மணைப்பலகை செய்து வாங்கினேன். புதுப் பையன்கள் வந்த முதல் நாளே, ஒவ்வொருவனையும் வைஸ் முன்னால் நிறுத்தி முழங்கையை மடக்கச் சொல்லிப் பார்ப்பேன். சக பயிற்றுநர்கள் ‘டெய்லர் அளவெடுக்கிறார்’ என்று கிண்டல் செய்வார்கள்.

திட்டுவதை ஒரேயடியாக நிறுத்திவிட்டேன் என்று சொன்னால் பொய். ஆனால் ஜாப்பில் தப்பு இருந்தால் தனியாக ஜன்னல் பக்கம் கூட்டிப்போய், “எங்கே வெளிச்சம் வருது, நீயே சொல்லு” என்பேன். அவன் கண்ணால் அவனே பார்த்துவிட்டால் அதற்குமேல் நான் பேச வேண்டியதில்லை.

வெர்னியர் காலிப்பர் பாடம்தான் பாதிப் பேரை ஓட வைக்கும். கணக்கு என்றாலே பயந்து ஐ.டி.ஐ.க்கு வந்தவர்கள். காலண்டர் அட்டையில் பத்து மடங்கு பெரிதாக ஒரு வெர்னியர் வெட்டினேன். மெயின் ஸ்கேலில் 49 கோடு வரும் நீளத்தை இதில் 50 ஆகப் பிரித்திருக்கிறது, அந்தச் சின்ன வித்தியாசம்தான் 0.02 மில்லிமீட்டர் என்று அட்டையை நகர்த்திக் காட்டினால், பின்வரிசைப் பையன் எழுந்து வந்து தானே நகர்த்திப் பார்ப்பான்.

இன்னொன்றும் செய்தேன். வீட்டில் கெட்டுப்போன பொருள் ஒன்றைக் கொண்டு வரச் சொன்னேன். ஒருவன் அவன் அம்மாவின் அரிவாள்மணையைக் கொண்டுவந்தான். மடக்குகிற இடத்தில் ஆணி தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. ரிவெட் அடிக்கும் பாடத்தை அன்று அதிலேயே நடத்தினேன். மறுநாள் அவன் வந்து, “அம்மா உங்களுக்கு முருங்கைக்காய் குடுத்துவிட்டாங்க சார்” என்றான். அதற்குப் பிறகு ஒருநாளும் லீவு போட்டதில்லை.

“அது நான்தான் சார்” என்றார், காபியைக் கீழே வைத்துவிட்டு.

தெரியும், அதனால்தான் சொன்னேன். கிளம்பும்போது, “உங்க ஷாப்ல வைஸ் என்ன உயரம்?” என்று கேட்டேன். அளந்ததில்லை என்றார். மறுநாள் மத்தியானம் போன் வந்தது. மூன்று பேருக்கு மேலே ஏறி நிற்கப் பலகை வேண்டுமாம். அந்தப் பழைய பலகைகள் இன்னும் இருக்குமா என்று கேட்டார்.

திருப்பூர் போன பையனுக்கு இப்போது ஐம்பது தாண்டியிருக்கும்.